முதல் இன்டர்வியூ: படபடப்போடு போய் வருவது எப்படி

நான் போன முதல் நேர்முகத் தேர்வு நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கமுதி பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டு, மதுரையில் பஸ் மாறி, விடியற்காலை கோயம்புத்தூரில் இறங்கி, பஸ் நிலையக் கழிப்பறையில் சட்டை மாற்றிக்கொண்டு ஒரு வார்ப்பட ஆலைக்குப் போயிருந்தேன். கல்லூரி சீனியர் ஒருவர் எழுதிக் கொடுத்த பதினோரு வரி ஆங்கில அறிமுகம் தலைகீழ்ப் பாடமாக இருந்தது. மூன்றாவது வரி ஓடிக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது இருக்கட்டும் தம்பி, உங்கள் ஊரில் என்ன விளையும்?" என்று தமிழில் கேட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டுக் களம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. சில விநாடிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அறிமுகத்தை முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிக்கத் தொடங்கினேன். பாவம், கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

இப்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். பம்பும் மோட்டாரும் செய்கிற நிறுவனம் ஒன்றில், டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு முதல் வேலை தேடி வருகிறவர்களிடம் கேள்வி கேட்கும் மூவரில் ஒருவன். இந்தப் பத்து ஆண்டுகளில் படபடப்பே இல்லாமல் வந்த பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களிலும் இரண்டு பேருக்கு மாமா கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. எனவே படபடப்பை ஒழித்துக்கட்டும் மந்திரம் என்னிடம் இல்லை. அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே பதில் சொல்லிவிட்டு வருவதற்கு என்னென்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன். பத்து நாள் அவகாசம் இருந்தால் போதும்.

பயோடேட்டாவிலிருந்து தொடங்குங்கள்

எதற்காகப் பயம் என்று கேட்டால் ஆங்கிலம் என்பார்கள், கூச்சம் என்பார்கள். என் கணக்கில் பாதிப் பயம், மாட்டிக்கொள்வோம் என்கிற பயம். அதற்கான காரணம் அவர்கள் கையில் இருக்கும் இரண்டு பக்கத் தாளிலேயே இருக்கிறது. நண்பனின் பயோடேட்டாவை வாங்கிப் பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றியிருப்பார்கள். இரண்டே வகுப்பு நடந்த மென்பொருளின் பெயர் திறமைகள் பட்டியலில் ஏறியிருக்கும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் வாசித்தல்' இருக்கும். கடைசியாக எதைப் படித்தீர்கள் என்று கேட்டால் கண் நேராக மின்விசிறிக்குப் போகும்.

தாளை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கேள்வி: இது என்ன, எங்கே செய்தேன், எத்தனை நாள், இதில் என் கையால் செய்தது எது, எங்கே சொதப்பினேன். மூன்றாவது கேள்வியிலேயே திணறினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். தாள் ஒரு பக்கமாகச் சுருங்கினாலும் பரவாயில்லை. புதியவர்களிடம் யாரும் நான்கு பக்கத்தை எதிர்பார்ப்பதில்லை.

அடிக்க மனம் வராத வரிகளை உண்மையான அளவுக்கு வெட்டுங்கள். 'ஆட்டோகேட் நன்கு தெரியும்' என்று எழுதினால் நான் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 'ஆட்டோகேட்: இரு பரிமாண வரைபடங்கள், மூன்றாம் ஆண்டில் பிளேஞ்ச் கப்ளிங் வரைந்தேன்' என்று எழுதினால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பிளேஞ்ச் கப்ளிங்கைப் பற்றித்தான் கேட்பேன். கேள்வித்தாளைப் பாதி நீங்களே தயாரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. இது தெரியாமல் முப்பது தலைப்புகளை எழுதிவைத்துவிட்டு, எதில் கேட்பார்களோ என்று நடுங்குவானேன்?

கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் பற்றி ஒளிக்காமல் பேசிவிடலாம். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிய ஒன்றை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டு வருவது எங்களுக்கு நன்றாகவே தெரியும். அது சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கியாகிவிட்டது என்றால், இன்றைக்காவது அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே எத்தனை பாகங்கள், ஒவ்வொன்றும் எதற்கு, இந்த மோட்டாருக்குப் பதில் வேறு போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பையன் வந்தான். "கன்ட்ரோலர் போர்டு வெளியில் வாங்கியது சார், பிரேம் மட்டும் நாங்கள் வெல்டிங் செய்தோம். முதல் தடவை சூட்டில் வளைந்துவிட்டது, வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்தோம்" என்றான். ஏன் வளைந்தது, அடுத்த முறை எப்படி வைத்துப் பற்றவைத்தீர்கள் என்று பத்து நிமிடம் அந்த வளைவைப் பற்றியே பேசினோம். போர்டு பக்கம் யாரும் போகவில்லை. இப்போது எங்கள் ஃபேப்ரிகேஷன் பிரிவில் இருக்கிறான்.

அரியர், இடையில் வீணான ஓர் ஆண்டு, குறைந்த மதிப்பெண்: இவற்றுக்கு இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும். 'மூன்றாம் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழுந்தது. அடுத்த தேர்விலேயே எழுதி முடித்துவிட்டேன்.' அதோடு நிறுத்துங்கள். நிறுத்தத் தெரியாமல் வாத்தியார், விடைத்தாள் திருத்தியவர், காய்ச்சல் என்று போகும்போதுதான் குரல் நடுங்க ஆரம்பிக்கிறது.

வாய்விட்டுப் பழகுங்கள்

கேள்வி-பதில் புத்தகத்தை மனதுக்குள் படித்துவிட்டு வருகிறவர்கள் அநேகம். நீச்சலைப் பற்றிப் படித்துவிட்டுக் கிணற்றில் இறங்குகிற கதை அது. வாய்க்குப் பழக்கம் வேண்டும். தெரிந்த பதிலேகூட முதல் தடவை வாயைத் திறக்கும்போது கோணலாகத்தான் வரும். அந்த முதல் தடவை வீட்டிலேயே நடந்து முடியட்டும்.

மனப்பாடம் வேண்டாம் என்பதற்கு என் கதையே சாட்சி. வாக்கியங்களை உருப்போட்டால், நடுவில் ஒருவர் குறுக்கிட்டதும் சங்கிலி அறுந்துபோகும். அதற்குப் பதில் நான்கு முளைகளை அடித்துக்கொள்ளுங்கள்: எங்கிருந்து வருகிறேன், என்ன படித்தேன், கையால் செய்த ஒரு வேலை, இந்த வேலை ஏன். ஒவ்வொரு முளையிலும் இரண்டு மூன்று வாக்கியம், அன்றைக்கு வாயில் வருகிறபடி. ஒருநாள் படிப்பிலிருந்து தொடங்குங்கள், மறுநாள் ஊரிலிருந்து. எங்கே நிறுத்தினாலும் எங்கிருந்தும் தொடர முடிகிறதா என்று பாருங்கள்.

கூட்டாளி யார் என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் இரண்டு நாள் சுவரும் போனும் போதும். பதிவு செய்து கேட்டால் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான், மூன்றாவது நாள் பழகிவிடும். அடுத்தது தங்கையோ தம்பியோ. அவர்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. 'நடுவில் எங்கேயாவது நிறுத்திச் சம்பந்தமில்லாத கேள்வி ஒன்று கேள்' என்று மட்டும் சொல்லுங்கள், அந்த வேலையை ஆசையாகச் செய்வார்கள். அதன் பிறகு கொஞ்சம் பயமுள்ள ஆளிடம் போங்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கியில் இருக்கும் பெரியப்பா. வீட்டிலிருந்தே சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டுக்கொண்டு போய், கதவைத் தட்டி, 'உள்ளே வரலாமா ஐயா?' என்பதிலிருந்து செய்யுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வரிசையின் கடைசிப் படியைப் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரிதாக ஆசைப்படாத ஒரு வேலைக்கு உண்மையான நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போய் வருவதுதான் அது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை அடிக்கடி நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. ஒரே காலையில் மூன்று நிறுவனங்களின் மேசை முன்னால் உட்காரலாம். மூன்றாவது மேசைக்குப் போகும்போது உள்ளங்கை காய்ந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, எச்சில் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கான ஏற்பாடு இது. ஏற்பாட்டில் தவறில்லை, எதிரே நாய்க்குப் பதில் மனிதவள மேலாளர் இருக்கிறார், அவ்வளவுதான்.

நாம் நேரடியாகக் கைவைக்கக்கூடிய ஒரே நெம்புகோல் மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று கூடும், விடும்போது குறையும். எனவே விடுவதை நீட்டுங்கள். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஏழு எட்டு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். காத்திருக்கும் அறையில் ஐந்தாறு தடவை செய்தால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆழமாக இழு, ஆழமாக இழு என்று சொல்லிக் கொடுக்கிறவர்களின் பேச்சைக் கேட்டு வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றுவதுதான் மிச்சம்.

'பயப்படாதே, அமைதியாக இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையொட்டியது. பாடுவதற்கும், மேடையில் பேசுவதற்கும், கணக்குப் போடுவதற்கும் முன்னால் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. திருவிழாவில் தேர் கிளம்பும்போதும் நெஞ்சு இதே மாதிரிதான் அடிக்கிறது. அந்த அடிப்பை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் நடுக்கம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட சோதனை வேடிக்கையானது. கூச்சப்படவைக்கிற படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு ஒரு மாணவரை மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நான் இதற்கு உறுதி தருகிறேன். பன்னிரண்டாவது ஆளாக நீங்கள் வரும்போது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன வரப்போகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

முதல் நாள் இரவும் மறுநாள் காலையும்

இரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். அசல் சான்றிதழ், நகல், புகைப்படம், அழைப்புக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில், கேட்கும் வரிசையில் இருக்கட்டும். மேசையின் முன்னால் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேடிக் காகிதங்களைக் கலைப்பவரின் பதற்றம் பார்க்கிறவர்களையும் தொற்றிக்கொள்கிறது. அன்றுதான் வாங்கிய ஷூவைப் போடாதீர்கள், கடிக்கும்.

வெளியூர் என்றால் இடத்தை முந்தைய நாளே பார்த்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் நேரத்தைத் தாராளமாக வையுங்கள். தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் 2023 இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து நகருக்குள் வர வேண்டும். பழைய கோயம்பேடு கணக்கை மனதில் வைத்து மாமா சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். அரை மணி முன்னதாகப் போய் எதிர்த்த கடையில் நிற்பது நல்லது, வாசலில் மூச்சிரைக்க நிற்பது ஆகாது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். பழக்கமில்லாதவர்கள் 'தெம்புக்கு' என்று இரண்டு காபி குடித்தால் கை நடுக்கம் இரட்டிப்பாகும்.

உள்ளே போன பிறகு

சென்ற ஆண்டு டிப்ளமோ முடித்த பெண் ஒருவர் வந்தார். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. என் பக்கத்தில் இருந்தவர் வெர்னியர் என்ற அளவுக் கருவியின் 'லீஸ்ட் கவுண்ட்', அதாவது அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாலிடெக்னிக்கில் நூறு தடவை கேட்ட சொல்தான். ஆனாலும் அந்தப் பெண் உறைந்துபோனார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எங்கள் குழுவின் மூத்தவர் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து, மேசைமேல் இருந்த புஷ் என்ற உருளை வடிவ உதிரிபாகத்தோடு சேர்த்து நீட்டினார். "இதைப் பிடித்துப் பழக்கம் உண்டா அம்மிணி?"

பெண் வாங்கினார். முதலில் தாடைகள் இரண்டையும் மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "சுழிப்பிழை இல்லை ஐயா" என்றார். புஷ்ஷின் வெளிவிட்டத்தில் வைத்து, கட்டை விரலால் மெல்ல நகர்த்தி, திருகை இறுக்கினார். "முதன்மைக் கோல் 24. ஒன்றிப்பு 48-ஆவது கோடு. மீச்சிற்றளவு 0.02. அப்படியென்றால் 24.96 மில்லிமீட்டர்." லீஸ்ட் கவுண்ட்டுக்குத் தமிழில் மீச்சிற்றளவு. கருவி கைக்கு வந்ததும் சொல்லும் கூடவே வந்துவிட்டது. கேள்வி கேட்டவர் தலையை ஆட்டினார். 'லீஸ்ட் கவுண்ட்' என்று மறுபடி யாரும் கேட்கவில்லை.

எல்லா அறையிலும் அப்படியொரு மூத்தவர் இருக்க மாட்டார் என்பதும் உண்மை. ஆகவே நீங்களாகவே அந்த வாசலைத் திறக்கப் பழகுங்கள். 'இதை வரைந்து காட்டட்டுமா?' என்று ஒரு தாளைக் கேளுங்கள். 'செய்து பார்த்ததைச் சொல்லட்டுமா?' என்று கேளுங்கள். கைக்கு வேலை கிடைத்ததும் வாய் திறக்கும். விவசாய வீட்டுப் பிள்ளைகளிடம் 'பிரைமிங்' என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். மோட்டாரைப் போடும் முன் பம்புக்குள் ஏன் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று கேட்டால், உள்ளே காற்று நின்றால் தண்ணீர் எடுக்காது என்று சடாரென்று வரும். தெரிந்த விஷயத்துக்குப் பாடப்புத்தகச் சட்டை போட்டுத் தேடினால் கிடைக்காது. வீட்டிலேயே பத்துப் பதினைந்து முக்கியச் சொற்களை எடுத்து, தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், நீங்கள் அதை நேரில் பார்த்த இடம் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

ஆங்கிலத்தைப் பற்றி: தொழிற்சாலை வேலைக்கு எங்களுக்கு வேண்டியது புரிகிற மாதிரியான ஆங்கிலம். சின்னச் சின்ன வாக்கியம், மெதுவான வேகம். தடுக்கினால், 'தமிழில் சொல்லலாமா?' என்று கேட்பதில் மானம் ஒன்றும் போய்விடாது. குடிமைப் பணித் தேர்வில்கூட, ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்முகத் தேர்வை, முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டிய வேலை என்றால் கதை வேறு. அதற்குப் பத்து நாள் போதாது.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லும் விதம் இருக்கிறது. 'தெரியாது சார்' என்று தலை குனிவது ஒன்று. 'இதை நான் படித்ததில்லை. இதற்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு' என்று ஒரு வரி சொல்வது இன்னொன்று. மூன்றாவது வகை, வாய்க்கு வந்ததை அடித்துவிடுவது. அதற்கு நாங்கள் அடுத்த கேள்வி கேட்போம், அதற்கு அடுத்ததும் கேட்போம்.

பதில் சொல்லும் முன் இரண்டு மூன்று விநாடி யோசிக்கலாம். உங்களுக்கு அது ஒரு யுகமாகத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். தண்ணீர் வைத்திருந்தால் தயங்காமல் குடியுங்கள், அலங்காரத்துக்கு வைக்கவில்லை. கை நடுங்கினால் விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். ஷிஃப்ட் எப்படி, முதல் ஆறு மாதம் எந்தப் பிரிவு, யார் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். நீங்களும் அவர்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள். எந்த இடத்திலாவது வேலை தர முன்பணம் கேட்டால் படபடப்பே தேவையில்லை, கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வெளியே வந்ததும்

பஸ் ஏறும் முன், பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எப்படிச் சொன்னோம் என்பது வேண்டாம், அதை நினைத்துப் புலம்புவதற்கு ராத்திரி இருக்கிறது. கேள்விகள் மட்டும். தடுமாறிய கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. வீட்டுக்குப் போய்ப் புள்ளி வைத்தவற்றுக்கு மட்டும் பதில் தேடி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே வகை வேலைக்கு நான்கு இடம் ஏறி இறங்கினால் பாதிக் கேள்விகள் திரும்பி வரும்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதன் பக்கத்தில் பெரிய புள்ளி. நான்காவதாகப் போன இடம், சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மோட்டார் கம்பெனி. முதலாளி என் பயோடேட்டாவைப் புரட்டி, "கமுதியா? வறண்ட பூமியாயிற்றே, அங்கே என்ன விளைகிறது?" என்றார். "முண்டு மிளகாய் ஐயா. உருண்டையாக, குட்டையாக இருக்கும். பறித்ததும் களத்தில் பரப்பிக் காயவைப்போம்" என்று ஆரம்பித்தேன். கிலோ என்ன விலை போகிறது என்று கேட்டார்.